ஃபியூஸ் இல்லாத பெட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பைக்குக்குக் கூடுதல் சாமான்களை வீட்டில் மாட்டாதீர்கள், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள் என்று வாகனப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். பைக் வயரிங்தான் என் பிழைப்பு. எனக்கு வருமானம் தரும் யோசனைதான். ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் நிதானமாக உட்கார்ந்து செய்தால், நாலு வண்டிக்கு நடுவே அவசரமாகச் செய்கிற எங்களைவிட நன்றாகவே செய்வார். கோளாறு அவர் வாங்கிவந்த பெட்டியில் இருக்கிறது.

மலிவான ஃபாக் லேம்ப் பெட்டிகள் பலவற்றில் விளக்கு இரண்டு, கிளாம்பு, சுவிட்ச், மெல்லிசாகக் கொஞ்சம் வயர், அவ்வளவுதான். ஃபியூஸ் இருக்காது, ரிலே (சுவிட்சிலிருந்து வரும் சின்ன கரண்டால் விளக்கின் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சாதனம்) இருக்காது, எதை எதோடு சேர்ப்பது என்று ஒரு தாளும் இருக்காது. வாங்கியவர் என்ன செய்வார்? கைக்கு எட்டுகிற ஹெட்லைட் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிடுவார். விளக்கும் எரியும். சரி, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல். ஹெட்லைட்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்துப் போட்ட வயரும் சுவிட்சும் இதையும் சேர்த்து எப்படித் தாங்கும்? உள்ளே கருகிய சுவிட்சும் உறை உருகி ஒட்டிக்கொண்ட வயரும் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

முறையான இணைப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு ஒரு வயர். 87 என்ற முனையிலிருந்து விளக்குக்கு. 85, 86 இரண்டில் ஒன்று எர்த்துக்கு, மற்றது சுவிட்சுக்கு. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயரிலிருந்து அந்தச் சுவிட்சுக்கு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அணைக்க மறந்த ஒரு ராத்திரியில் பேட்டரி படுத்துவிடும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. ஃபிரேம் முழுக்க மைனஸ். நடுவழியில் வயர் உரசி உறை கிழிந்து ஃபிரேமில் பட்டால், கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஃபியூஸ் எதைக் காப்பாற்றும்?

எல்.இ.டி. என்றால் சுமை குறைவு, ஆனால் ஃபியூஸ் அதற்கும் வேண்டும். (இண்டிகேட்டரை எல்.இ.டி.யாக மாற்றியதும் படபடவென்று அடிக்கிறதே என்று பதறி வருகிறார்கள். வாட் குறைந்ததைப் பார்த்து, ஒரு பல்பு போய்விட்டது என்று பழைய ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் சாதனம்) நினைத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கு ஏற்ற ஃபிளாஷர் போட்டால் போதும்.)

வண்டி விழுந்தால் அடி தாங்குகிற கம்பி, அதாவது கிராஷ் கார்டு, அதன் கதையும் இதேதான். பல வண்டிகளில் அது எஞ்சினை ஃபிரேமோடு பிடித்திருக்கும் போல்ட்டிலேயே உட்காருகிறது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று நியூட்டன் மீட்டர் கணக்கில் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும்; கார்டு வந்த பெட்டி சொல்லாது. பலம் இருக்கிற மட்டும் இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றிவிட்டு அப்புறம் இறுக்க வேண்டும் என்பதைக்கூடப் படம் போட்டுக் காட்டுவதில்லை.

வீட்டில் மாட்டுகிறவர்களுக்கு இரண்டே விஷயம். பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றுங்கள். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பானர் ஃபிரேமில் பட்டாலும் தீப்பொறி வராது. ஹேண்டில்பாரில் எதை மாட்டினாலும் எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் ரோட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இனி இந்தச் சாமான்களைப் பற்றி எழுதும்போது, விளக்கு எவ்வளவு தூரம் வெளிச்சம் தருகிறது என்பதோடு, பெட்டியில் ஃபியூஸ் இருந்ததா, எத்தனை ஆம்பியர், இறுக்கும் அளவு தமிழில் அச்சிட்டிருந்ததா என்பதையும் எழுதுங்கள். பத்திரிகையில் வந்தால் தயாரிப்பாளர்கள் கவனிப்பார்கள்.

இப்படிக்கு,
வயரிங் வேலை செய்யும் வாசகன்