2023 ஆண்டறிக்கை: டெட்ராய்ட் ஜாஸ் விழாவும் நம் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம். 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் சங்கத்தின் இசை வட்டம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொங்கல் விழாவும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவும் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. அவற்றின் படங்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால், நேரடியாக இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே விடுமுறையில் டெட்ராய்ட் நகர மையத்தில் நடக்கும் ஜாஸ் விழாவுக்கு நம் ஆட்கள் பல காலமாகப் போய்வருகிறார்கள். 1980-இல் தொடங்கிய விழா. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆனால் நம் பழக்கம் என்னவாக இருந்தது? இரவு காம்பஸ் மார்ஷியஸ் சதுக்கத்து மேடையில் யாரோ பெரிய பெயர் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போவோம். கூட்டத்தின் கடைசியில் நின்று கொஞ்ச நேரம் கேட்போம். பார்க்கிங்கில் நெரிசல் வருவதற்கு முன் கிளம்பிவிடுவோம். மேடையில் நிற்பவர் யார், எந்தத் தெருவில் வளர்ந்தார், யாரிடம் கற்றார் என்பதெல்லாம் தெரியாது. இந்த முறை அதைத் தெரிந்துகொண்டு போவோம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். மாதக் கூட்டங்கள் அனைத்தும் அதற்காகவே நடந்தன.

நல்ல தொடக்கம் தானாக அமைந்தது. ஜாஸ் கலைஞருக்கு அமெரிக்க அரசின் கலை நிதியம் தரும் உயர்ந்த விருது ‘ஜாஸ் மாஸ்டர்’. 2023-க்கான அந்த விருது நான்கு பேருக்குக் கிடைத்தது. அவர்களில் வயலின் கலைஞர் ரெஜினா கார்ட்டர், சாக்ஸஃபோன் கலைஞர் கென்னி காரெட், டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் ஹேஸ் ஆகிய மூவரும் டெட்ராய்ட்டில் பிறந்தவர்கள். நான்காமவர் சூ மிங்கஸ், கணவரும் ஜாஸ் இசையமைப்பாளருமான சார்ல்ஸ் மிங்கஸ் மறைந்த பின் அவருடைய இசையைக் காத்து வளர்த்தவர். ஒரே ஆண்டில் ஒரே ஊர்க்காரர்கள் மூன்று பேர்! இது எப்படி நடந்தது என்ற கேள்விதான் ஆண்டு முழுக்க எங்களை இழுத்துக்கொண்டு போனது.

முதல் கூட்டம் ரெஜினா கார்ட்டரைப் பற்றியது. நான்கு வயதில் வயலின் எடுத்தவர், டெட்ராய்ட்டின் காஸ் டெக் அரசுப் பள்ளியில் படித்தவர். அந்தக் கால வயலின் மேதை பாகனினி வாசித்த வயலின் இத்தாலியின் ஜெனோவா நகரில் பாதுகாக்கப்படுகிறது. 1743-இல் குவார்னேரி என்ற கைவினைஞர் செய்த கருவி அது. 2001-இல் அதை வாசிக்க ரெஜினாவை அழைத்தார்கள். ஜாஸ் கலைஞர் ஒருவருக்கு அந்தக் கருவி கிடைத்தது அதுவே முதல் முறை. கர்நாடக வயலின் கற்கும் நம் பிள்ளைகள் பலர் அன்று தங்கள் கருவியோடு வந்திருந்தார்கள். அவர் நின்றுகொண்டு, வயலினைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே அழுத்திப் பிடித்து வாசிப்பதைக் காணொளியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். தரையில் அமர்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றினால் இடது கை எவ்வளவு தூரம் வழுக்கிப் போகலாம், நின்று வாசித்தால் என்ன மாறும் என்று அவர்களுக்குள்ளேயே பெரிய விவாதம். பெரியவர்கள் வாயே திறக்கவில்லை.

அடுத்து பியானோ கலைஞர் பாரி ஹாரிஸ். 1929-இல் டெட்ராய்ட்டில் பிறந்து 2021 டிசம்பரில் மறைந்தவர். தேவாலயத்தில் பியானோ வாசித்த அம்மாதான் முதல் ஆசிரியர். இளைஞராக இருந்தபோதே அவர் வீடு அந்தப் பகுதிப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. அங்கே வந்து கற்றவர்களில் ஒருவர் பின்னாளில் சாக்ஸஃபோன் கலைஞரான சார்ல்ஸ் மெக்ஃபெர்சன். பாரி ஹாரிஸ் ஒருநாள் அந்தப் பையனின் ரிப்போர்ட் கார்டை வாங்கிப் பார்த்தாராம். எல்லாம் சுமாரான மதிப்பெண். உனக்குப் பிடித்த சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கர் எதிலாவது சுமாரானவரா என்று கேட்டு, படிக்கவும் சிந்திக்கவும் தெரியாதவனால் இந்த இசையை வாசிக்க முடியாது என்று புரியவைத்தாராம். மெக்ஃபெர்சன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கும் செய்தி இது. அவர் வீட்டுக்குப் பக்கத்தில், டயர்மன் தெருவில், ப்ளூ பேர்ட் இன் என்ற சின்ன ஜாஸ் விடுதி இருந்தது. வயது போதாததால் உள்ளே விடமாட்டார்கள். வெளியே நின்றே கேட்டு வளர்ந்தார்.

அந்த விடுதியில் 1950-களில் டிரம்ஸ் வாசித்தவர் எல்வின் ஜோன்ஸ், பக்கத்து பான்டியாக் ஊர்க்காரர். இந்த ஆண்டு என் மனதில் ஆழப் பதிந்த கூட்டம் அவரைப் பற்றியதுதான். நம் உறுப்பினர்களில் மிருதங்க ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்வினின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அவரைத் தாளம் போடச் சொன்னோம். முதலில் கையைக் கீழே வைத்துக்கொண்டு கேட்டார். அப்புறம் நான்கு எண்ணிக்கையை வலது கையால் தட்டிக்கொண்டே, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ‘தகிட தகிட’ என்று சொல்லத் தொடங்கினார். பொருந்தியது. எல்வினின் கை சதுஸ்ரத்துக்குள் திஸ்ரத்தை, அதாவது நான்குக்குள் மூன்றை, உருட்டிக்கொண்டே போகிறது. ஆனால் அழுத்தம் எந்த ‘த’வில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஒரு சுற்றில் ஸ்நேர் டிரம்மில், அடுத்த சுற்றில் கால்மிதியின் பேஸ் டிரம்மில், அதற்கடுத்து இரண்டுக்கும் நடுவே. மூன்று முறை அதே இடத்தைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு, “இவருக்கு ஒன்று, அதாவது சுற்றின் முதல் தட்டு, எங்கே இருக்கிறது என்பது உடம்பிலேயே இருக்கிறது, அதனால்தான் அதைத் தொடாமலே சுற்றிச் சுற்றி வருகிறார்” என்றார். அன்று கூட்டம் நடந்த வீட்டின் பேஸ்மென்ட்டில் இருந்தவர்கள் சுண்டல் ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

நம்மோடு நேர்த் தொடர்புள்ள ஒரு டெட்ராய்ட்காரரும் உண்டு. 1937-இல் இங்கே பிறந்து, தேவாலயத்திலும் விடுதிகளிலும் பியானோ வாசித்து வளர்ந்த ஆலிஸ் கோல்ட்ரேன். கணவரும் சாக்ஸஃபோன் கலைஞருமான ஜான் கோல்ட்ரேன் இறந்த பிறகு அவர் வழிகாட்டியாக ஏற்றது சுவாமி சச்சிதானந்தரை, நம் கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் பிறந்தவரை. 1971-இல் வந்த ஓர் இசைத்தட்டுக்கு அவர் பெயரையே தலைப்பில் வைத்தார் ஆலிஸ். தம்புரா சுருதி நிற்க, பேஸ் என்ற பெரிய தந்திக் கருவி ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பிடித்திருக்க, அதன் மேல் நம் யாழ் போன்ற ஹார்ப் வந்து விழும். ஜாஸில் ஹார்ப்பா என்று பலர் கேட்டார்கள். அதற்கும் இந்த ஊரில் முன்னோடி இருக்கிறார்: டாரதி ஆஷ்பி. அவர் ஹார்ப் கற்றது அதே காஸ் டெக் பள்ளியில். ரான் கார்ட்டர், பால் சேம்பர்ஸ், டொனால்ட் பேர்ட், ஜெரி ஆலன் ஆகிய ஜாஸ் கலைஞர்கள் எல்லோரும் அந்தப் பள்ளிக்கூடம்தான். ரான் கார்ட்டர் செல்லோவோடு தொடங்கி, கறுப்பின மாணவருக்கு அதில் வாய்ப்புக் கிடைக்காது என்று கண்டு பேஸுக்கு மாறியவர். 2,200-க்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளில் வாசித்துக் கின்னஸ் சாதனை படைத்திருக்கிறார்.

விழாவுக்கு முந்தைய கூட்டத்தில் மார்கஸ் பெல்கிரேவைப் பற்றிப் பேசினோம். இவர் உள்ளூரில் பிறந்தவர் அல்ல, பென்சில்வேனியாக்காரர். பாடகர் ரே சார்ல்ஸ் குழுவில் டிரம்பெட் வாசித்துவிட்டு 1963-இல் டெட்ராய்ட்டில் குடியேறினார். நியூயார்க் போயிருந்தால் இன்னும் பெரிய பெயர் வந்திருக்கும். போகவில்லை. இங்கேயே இருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கென்னி காரெட், ரெஜினா கார்ட்டர், ஜெரி ஆலன், ஜேம்ஸ் கார்ட்டர், ராபர்ட் ஹர்ஸ்ட் என்று அவரிடம் கற்றவர்களின் பட்டியல் நீளும். 2015-இல் மறைந்தார். ஒரே ஆண்டில் மூன்று விருது எப்படி என்ற எங்கள் கேள்விக்குப் பெரும்பகுதி பதில் இங்கே கிடைத்தது. அந்த மூவரில் இருவர் அவர் கையில் வளர்ந்தவர்கள். 2023 விழாவின் சிறப்புக் கலைஞராக இருந்த டிரம்ஸ் கலைஞர் கேரீம் ரிகின்ஸும் அவரிடம் பயின்றவரே. டெட்ராய்ட்டில் பிறந்தவர், ஜாஸ் மேடையிலும் ஹிப்ஹாப் ஒலிப்பதிவிலும் ஒரே அளவு மதிக்கப்படுபவர். இவர் அப்பா இமானுவேல் ரிகின்ஸ் கிட்டார் கலைஞர் கிரான்ட் கிரீனோடு ஆர்கன் வாசித்தவர்.

சரி, விழாவுக்கு வருகிறேன். செப்டம்பர் 1 முதல் 4 வரை நடந்தது. விழாவை இலவசமாகவே நிலைநிறுத்திய புரவலர் கிரெட்சன் வலேட் அம்மையார் 2022 டிசம்பரில் தம் 97-ஆம் வயதில் காலமானதால், அவர் இல்லாத முதல் விழா இது. பெரும் பணத்தை அறக்கட்டளையாக வைத்து இந்த விழாவைக் காப்பாற்றியவர். கட்டணம் கட்டாமல் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கும் நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள். இந்தப் பொதுக்குழுவில் அவருக்கு நன்றி சொல்லும் தீர்மானம் ஒன்றை முன்மொழிகிறேன்.

போகும் வழியிலேயே பிள்ளைகளுக்கு ஒன்றைக் காட்டினோம். நகர மையத்துக்குள் இறங்கும் ஐ-375 நெடுஞ்சாலை ஓடும் இடத்தில்தான் ஒருகாலத்தில் ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்தது. கறுப்பின மக்களின் கடைகளும் இசை விடுதிகளும் நிறைந்திருந்த தெரு. அதை இடித்துத்தான் சாலை போட்டார்கள். இத்தனை கலைஞர்களுக்கு முதல் மேடை தந்த இடங்களில் பல இன்று தார்ச்சாலைக்கு அடியில் இருக்கின்றன.

இந்த முறை நாங்கள் மதியமே போனோம். ஹார்ட் பிளாசாவில் படிக்கட்டுப் போல இறங்கும் பிரமிட் மேடையில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் வின்ட்சர் நகரம் தெரிய, பள்ளி மாணவர் குழு ஒன்று வாசித்தது. ஆற்றுக்காற்று பலம். இசைத்தாள்களைத் துணி காயப்போடும் கிளிப்பால் ஸ்டாண்டில் மாட்டியிருந்தார்கள். பாரிடோன் சாக்ஸஃபோன் வாசித்த பெண்ணுக்கு அந்தக் கருவி இடுப்புக்குக் கீழே வரை தொங்கியது. அவள் முறை வந்ததும் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, டிரம்ஸ் பையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையசைத்ததும் தொடங்கினாள். பின்வரிசையில் இருந்த மற்றப் பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னிடம், “இதுல யாரு தம்பி மெயினு, யாரு பக்கவாத்தியம்?” என்று கேட்டார். ஆளுக்கு ஒரு முறை முன்னால் வருவார்கள் ஐயா, மற்றவர்கள் அப்போது பக்கவாத்தியம் ஆகிவிடுவார்கள் என்றேன். “அப்போ எல்லாருக்கும் தனி ஆவர்த்தனம் உண்டு” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டில் ஒவ்வொருவருக்கும் சரியான இடத்தில் கைதட்டினார்.

இரவுக் கச்சேரிகளும் கேட்டோம், அருமை. ஆனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்த விழாவின் உயிர் மதிய மேடைகளில்தான் இருக்கிறது. நாளைய ரெஜினாக்கள் அங்கேதான் வாசிக்கிறார்கள். முன்வரிசையில் பத்துப் பேர் கவனித்துக் கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

குறைகளும் உண்டு. நிகழ்ச்சி நிரல் பார்க்காமல் வந்து கேட்க நினைத்ததைத் தவறவிட்டவர்கள் பலர். பார்க்கிங் செலவைப் பற்றி நிறைய புகார் வந்தது. உட்வர்ட் சாலையில் ஓடும் கியூலைன் டிராமுக்குக் கட்டணம் இல்லை. வடக்கே எங்காவது காரை நிறுத்திவிட்டு அதில் வரலாம். நோவை, கேன்டன் பக்கத்துக் குடும்பங்கள் ஒரே காரில் சேர்ந்து வரும் ஏற்பாட்டை இன்னும் முன்கூட்டியே செய்ய வேண்டும்.

விழா முடிந்ததும் வட்டம் ஓய்ந்துவிடவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு குழுவாக லிவர்னாய்ஸ் தெருவின் பேக்கர்ஸ் கீபோர்ட் லவுஞ்சுக்குப் போனோம். 1934 முதல் ஜாஸ் ஒலிக்கும் இடம், மதுக்கூட மேசை பியானோ வடிவில் வளைந்திருக்கும், நூறு பேர்கூடக் கொள்ளாது. ஒரு கை தூரத்தில் இருந்து பேஸ் கேட்பது வேறு அனுபவம். விழா மேடையில் காசு கொடுக்காமல் கேட்ட கலைஞர்களுக்கு இதுபோன்ற இடங்கள்தான் ஆண்டு முழுவதும் சோறு போடுகின்றன. ஆகவே காலாண்டுக்கு ஒருமுறையாவது சங்கத்தின் சார்பில் இப்படிப் போவதற்குச் செயற்குழு ஒப்புதல் தர வேண்டும்.

வரும் ஆண்டுக்கான மற்ற முன்மொழிவுகள்: நம் மிருதங்க, வயலின் மாணவர்களும் ஒரு பள்ளி ஜாஸ் குழுவும் ஒரு மதியம் சேர்ந்து உட்கார ஏற்பாடு செய்தல். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் மூலம் அங்குள்ள ஜாஸ் துறைக் கச்சேரிகளின் விவரங்களைப் பெற்று உறுப்பினர்களுக்கு அனுப்புதல். அந்தத் துறையை நடத்தும் பேஸ் கலைஞர் ராட்னி விட்டேக்கரும் டெட்ராய்ட் மண்ணில் பிறந்து பெல்கிரேவிடம் கற்றவரே.

2024 விழா ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 2 வரை. நிகழ்ச்சி நிரல் வெளியானதும் மதிய மேடைகளின் பட்டியலை முதலில் அனுப்பிவைக்கிறேன். மடக்கு நாற்காலி, தொப்பி, தண்ணீர் கொண்டு வாருங்கள்.

பேஸ்மென்ட்டைத் திறந்துவிட்ட குடும்பங்களுக்கும், ஒலிபெருக்கி தந்து உதவியவர்களுக்கும், காபி போட்டவர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்