தீக்கோழிக் கண்ணும் ஊர்க்கோழிச் சொட்டும்

கொக்குவில்,
ஆவணி.

அன்பின் மச்சான்,

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உன்ரை மகள் பெட்டியைக் கொண்டுவந்து தந்தவ. தீக்கோழிக் கண் சுரப்பியளைச் சீவி ஒட்டின அஞ்சு கண்ணாடித் தகட்டில ஒண்டு வழியில உடைஞ்சு போச்சு. மனுசி எட்டிப் பாத்திட்டு, "தீக்கோழி எண்டால் இறைச்சி அனுப்பக் கூடாதோ?" எண்டு கேட்டா.

பேராதனையில படிக்கேக்கை கோழித்தலை வெட்டின நாள் ஞாபகம் இருக்கோ? கண்முழிக்குப் பின்னாலை, மூக்குப் பக்கமாய் தட்டையாய் ஒட்டிக்கிடந்த இளஞ்சிவப்புச் சதையைக் கொழுப்பெண்டு சுரண்டி எறிஞ்சாயே, அதுதான் ஹாடர் சுரப்பி. 1694 இல ஹாடர் எண்ட சுவிஸ் வைத்தியர் மானில கண்டுபிடிச்சதை நீ கோழியில தொலைச்சாய்!

என்ரை நுணுக்குக்காட்டி வில்லையில பூஞ்சணம். துடைச்சு, மின்சாரம் வந்தாப்போலை தீக்கோழியின்ரை ஹாடர் சுரப்பித் தகட்டை ராத்திரி பாத்தன். பலாச்சுளை மாதிரிச் சோணை சோணையாய், இடையில மெல்லிய நார்த் தடுப்பு. ஒவ்வொரு குழிக்கும் உயரக் கலங்கள் சுத்தி வர நிக்குது. கருக்கள் எல்லாம் அடியில, மேல்பாதி முழுக்கச் சளி, அதைக் காட்டித்தாற பி.ஏ.எஸ். சாயம் ஏறி, செவ்வரத்தம்பூ நிறத்தில. இந்தச் சளியை மூண்டாம் இமை (கண்ணுக்குக் குறுக்காய் ஓடுற மெல்லிய சவ்வு) கண் முழுக்கப் பூசிவிடும். எங்கடை இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பி பறவையளுக்கு இல்லை. புழுதிக்குள்ளை மணிக்கு 70 கிலோமீற்றர் ஓடுற சாமானுக்கு, அஞ்சு சென்ரிமீற்றர் அகலக் கண்ணை நனைச்சு வைக்கிறது லேசுப்பட்ட வேலையே? (மூளையை விடக் கண் பெரிசெண்ட கதையை விடு, கேட்டுப் புளிச்சுப் போச்சு.)

ஆனால் என்னைப் பிடிச்சு வைச்சது சளி இல்லை. நார்த் தடுப்புகளுக்குள்ளை அங்கையும் இங்கையும் பிளாஸ்மாக் கலங்கள்: கரு ஒரு பக்கம் ஒதுங்கி, மணிக்கூட்டு முகம் மாதிரி. கோழியில இவை குவிஞ்சு கிடக்கும். கிருமியோடை சண்டை பிடிக்கிற பிறபொருளெதிரியைக் கண்ணீரோடை கலந்து விடுறதே இவைதான்.

முப்பது வருசம் ஊர் ஊராய்ப் போய் ரணிக்கற் எண்ட கோழிக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்தைக் கோழிக் கண்ணில சொட்டாய் விட்டனான். அச்சுவேலியில ஒரு ஆச்சி, "கண்ணில விட்டால் கழிச்சல் எப்பிடியடா தம்பி நிக்கும்?" எண்டு கேட்டா. "மூக்குக்குள்ளை இறங்குமணை" எண்டு சொல்லித் தப்பினன். பாதிதான் சரி. மருந்து பட்டதும் பிறபொருளெதிரி செய்யிற மற்றப் பாதி, நீ சுரண்டி எறிஞ்ச துண்டிலைதான் கிடந்தது. ஆச்சி இப்ப இல்லை.

உடைஞ்சது கண்ணீர்ச் சுரப்பித் தகடு எண்டு சீட்டில கிடக்கு. ஒப்பிட்டுப் பாக்க அது வேணும், இன்னொண்டு வெட்டி அனுப்பு. இந்த முறை பஞ்சு சுத்தி.

அன்புடன்,
உன்ரை பழைய அறைத்தோழன்