சோப்ளாங்கி வில்லன்களோடு ஓர் ஆண்டு: காமிக்ஸ் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சந்தா கட்டிய உறுப்பினர்களே, இனிமேல் கட்டப்போகிற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் வருகிற சோப்ளாங்கி வில்லன்களைத்தான் இந்த ஆண்டு முழுக்கப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. நான் எதிர்த்துக் கை தூக்கியது மினிட் புத்தகத்தில் இருக்கிறது. ஜோக்கர், டாக்டர் டூம் மாதிரியான பெரிய வில்லன்களை விட்டுவிட்டு, அடி வாங்குவதற்கென்றே பிறந்தவர்களை வைத்துப் பன்னிரண்டு கூட்டம் ஓட்ட முடியுமா என்று பயந்தேன். ஓடிவிட்டது. இரும்புக்கை மாயாவி காலத்து மூத்த உறுப்பினர்கள்கூட வழக்கமான தூக்கத்தைத் தியாகம் செய்து கேட்டார்கள்.

இத்தனை கோமாளிகள் எங்கிருந்து கிளம்பினார்கள் என்பதே முதல் கூட்டத்தின் கேள்வி. 1954இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு நெறிமுறை போட்டுக்கொண்டன. கோரம் கூடாது, குற்றவாளிமேல் இரக்கம் வரக்கூடாது, கடைசியில் நல்லவனே ஜெயிக்க வேண்டும். ஆனால் மாதாமாதம் இதழ் வந்தாக வேண்டும், ஹீரோவுக்கு ஓர் எதிரியும் வேண்டும். அப்புறம் என்ன செய்வார்கள்? 1960இல் பட்டத்தில் தொங்கிக்கொண்டு திருட வந்தான் கைட் மேன். 1962இல், டிடெக்டிவ் காமிக்ஸின் 300ஆவது இதழில், உடம்பெல்லாம் வண்ணப் புள்ளிகளோடு போல்கா டாட் மேன் வந்தான். புள்ளியைப் பிய்த்து எறிந்தால் ஆயுதம். ஒரு புள்ளி பறக்கும் தட்டாகி, அதில் ஏறித் தப்பிக்கிறான். பேட்மேன் எப்படிச் சிரிக்காமல் துரத்தினார் என்பது அன்று தீராத விவாதம்.

அதிகம் பேசப்பட்டவன் பேஸ்ட்-பாட் பீட். 1963இல் ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 104ஆவது இதழில் வந்தவன். ஒரு வாளி நிறையப் பசை, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் துப்பாக்கி. போஸ்டர் ஒட்ட வந்தவர் மாதிரி இருக்கிற இந்த மனிதர் மோதப் போனதோ உடம்பெல்லாம் நெருப்பாக எரிகிற ஹ்யூமன் டார்ச்சோடு! ஆனால் தொழிலில் கெட்டிக்காரன். மறு ஆண்டு, சூப்பர்ஹீரோக்கள் கூட்டணியான அவெஞ்சர்ஸின் 6ஆவது இதழில், ஸீமோ என்ற வில்லனின் ஒட்டுப்பசையை எதைக் கொண்டும் கரைக்க முடியாமல் போனபோது, அந்த மாவீரர்கள் எல்லாம் சிறையிலிருந்த பீட்டிடம்தான் கரைப்பான் கேட்டு நின்றார்கள். 1965இல் அவன் டிராப்ஸ்டர் என்று கௌரவமாகப் பெயரை மாற்றிக்கொண்டான். பயனில்லை. இன்றும் அவனைப் பார்க்கிற எவருக்கும் அந்தப் பழைய பெயரைச் சொல்லாவிட்டால் நாக்கு அரிக்கிறது. "ஊரில் ஒருமுறை பட்டப்பெயர் விழுந்துவிட்டால் கெஜட்டில் மாற்றினாலும் போகாது" என்று நம் உறுப்பினர் ஒருவர் சொன்னார். தன் பட்டப்பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்து, இரங்கல் தீர்மானம் பற்றிய சர்ச்சை. ஸ்டில்ட் மேனுக்கு இரங்கல் தெரிவிக்க வேண்டும் என்று இளைய உறுப்பினர்கள் கொடுத்த மனுவை முதலில் நான் வாங்க மறுத்தேன். 1965இல் டேர்டெவில் 8ஆவது இதழில் வந்தவன், இயற்பெயர் வில்பர் டே. ஹைட்ராலிக் கால்களை மாட்டிக்கொண்டு மாடி மாடியாக உயர்வான். அந்தக் கால்களின் நுட்பம் முதலாளியிடமிருந்து திருடியது. திருடிவிட்டு, முதலாளிதான் என்னுடையதைத் திருடினார் என்று வழக்குப் போட ஒரு வக்கீலிடம் போகிறான். எத்தனையோ வக்கீல்கள் இருக்கிற நியூயார்க்கில் அவன் தேடிப்போனது மேட் மர்டாக்கின் அலுவலகம், அதாவது முகமூடி போட்டால் டேர்டெவில் என்ற ஹீரோவாகிவிடும் வக்கீலின் அலுவலகம்! கடைசியில் ஏதோ ஒரு கதிர் பட்டுச் சுருங்கிச் சுருங்கிக் காணாமலே போகிறான். அத்தனை உயரத்துக்கு ஆசைப்பட்டவனுக்கு இப்படி ஒரு முடிவு. இரண்டு வருடத்தில் திரும்பி வருகிறான், அதே கால்களோடு. காலை வாரிவிட்டால் விழுவோம் என்று இடையில் ஒருநாள்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில்தான் நான் கட்சி மாறினேன். பீட் பசைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் கோடீஸ்வரன். வில்பர் கட்டட வேலைக்கு இயந்திரம் செய்து விற்றிருக்கலாம். திறமைக்குக் குறைவில்லை, அதை எங்கே விற்பது என்பதில்தான் கோளாறு. தோற்றபின் வீட்டுக்குப் போய், கிழிந்த உடையைத் தைத்து, மறுபடி அதையே போட்டுக்கொண்டு வருகிறார்களே, அந்தப் பிடிவாதத்தைப் பார்த்தால் கோபம் வருவதில்லை. குற்றவாளிகளைத் தேடித்தேடிக் கொல்கிற பனிஷர், ஸ்டில்ட் மேனின் கதையை முடித்தபின், 2007இல் வந்த ஓர் இதழில், சில்லறை வில்லன்கள் எல்லாம் மதுக்கடையில் கூடி அவனை நினைத்துக் குடிக்கிறார்கள். ஊற்றிக் கொடுப்பவர் மாறுவேடத்தில் பனிஷர். படித்து முடித்ததும் மனுவை நானே செயற்குழுவில் வைத்தேன். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது.

கைட் மேன் கூட்டத்தில் சண்டையே வந்தது. 2017இல் பேட்மேன் 27ஆவது இதழில் எழுத்தாளர் டாம் கிங் அவனுக்கு ஒரு மகனைக் கொடுத்து, ரிட்லர் என்ற வில்லன் விஷம் தடவிய பட்ட நூலால் அந்தப் பிள்ளையைக் கொன்றும் விடுகிறார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் அழ வைத்துவிட்டால் அப்புறம் எப்படிச் சிரிப்பது? 2024இல் அவன் பெயரிலேயே வந்த கார்ட்டூன் தொடரில் மதுக்கடை நடத்துகிறான். எனக்கு அந்தக் கைட் மேன் போதும்.

2013இல் தொடங்கி 17 இதழ்களோடு நின்றுபோன 'சுப்பீரியர் ஃபோஸ் ஆஃப் ஸ்பைடர்மேன்' இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொண்டது. அதில் பூமராங் என்ற சில்லறை வில்லனின் கும்பலுக்குப் பெயர் சினிஸ்டர் சிக்ஸ், ஆட்களோ ஐந்து பேர். நம் செயற்குழுவிலும் ஆறு பதவிகள், ஐந்து பேர். துணைச் செயலாளர் பதவிக்கு இன்றாவது யாராவது முன்வர வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒரே ஒரு விஷயம்: பீட் கூட்டத்துக்காக மண்டபச் சுவரில் ஒட்டிய போஸ்டரைக் கிழித்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிட்டது. வெள்ளையடிக்கும் செலவை மண்டபக்காரர் நம்மிடம் கேட்கிறார். பசை காய்ச்சியவர் யார் என்று எனக்குத் தெரியும், கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்