செயலாளர் ஆண்டறிக்கை: ஜர்னல் வீட்டுக்குப் போகலாமா?

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல், கொலு, பசங்களோட பாட்டுப்போட்டி எல்லாம் நல்லபடியா நடந்துச்சு, போட்டோ எல்லாம் குரூப்ல கெடக்கு பாத்துக்கோங்க, மழைக்கு ஒழுகிட்டிருந்த ரீடிங் ரூம் கூரையும் சரி பண்ணியாச்சு. இந்த வருஷம் நம்ம டெல்லி முனிர்கா சங்கத்துல நெஜமாவே அனல் பறந்தது ஒரே ஒரு மாதக் கூட்டத்துலதான், அதப் பத்திதான் அதிகமா எழுதியிருக்கேன், தலைவர் கோச்சுக்கக் கூடாது.

யுனிவர்சிட்டி லைப்ரரில ஜர்னல்ஸ, அதாவது ஆராய்ச்சி இதழ்கள, வீட்டுக்குக் குடுக்கலாமா கூடாதாங்கறதுதான் தலைப்பு. நம்ம ரிசர்ச் பசங்கதான் ஆரம்பிச்சு வச்சாங்க. ஒரு தம்பி போன்ல எடுத்த போட்டோவக் காட்டினான், தடியா பைண்ட் பண்ண பழைய வால்யூம், நடுமடிப்புக்குள்ள ஒவ்வொரு வரியிலயும் கடைசி ரெண்டு எழுத்து முழுங்கிப் போயிருக்கு, டேபிள்ல இருக்கற எண்ணெல்லாம் அரைகுறை. "ஒரே ஒரு ராத்திரி குடுத்தாப் போதும் ஆன்ட்டி, காலைல பத்து மணிக்கு கவுன்டர்ல வச்சிடுவேன்"னு கெஞ்சறான், ஏதோ ஆன்ட்டியே பூட்டி வச்சிருக்கற மாதிரி.

அந்த ஆன்ட்டி லைப்ரரில ஜர்னல்ஸ் வைக்கற பீரியாடிகல்ஸ் செக்‌ஷன்லயே இருந்து ரிட்டயர் ஆனவங்க, அசரல. புத்தகம் தொலைஞ்சா இன்னொண்ணு வாங்கிடலாம், மார்ச் இதழ் தொலைஞ்சா பப்ளிஷர் கிட்டயே ஸ்டாக் இருக்காது, அந்த ஒண்ணு இல்லாம வருஷ வால்யூம பைண்டிங்குக்கும் அனுப்ப முடியாது. அதோட ஒரு இதழ்ல பத்து கட்டுரை இருக்கு, நீ ஒண்ணுக்காக எடுத்துட்டுப் போனா மத்த ஒம்பதுக்கு வந்தவன் என்ன பண்ணுவான்னு கேட்டாங்க.

பசங்க உடனே நூலகவியல் மேதை சீர்காழி ரங்கநாதன இழுத்தாங்க (டெல்லி யுனிவர்சிட்டிலயும் இருந்தவர்தானே, நம்ம ஊர்க்காரர் மாதிரிதான்), 1931ல லைப்ரரிகளுக்கு அவர் போட்ட அஞ்சு விதில மொத விதியே நூல்கள் பயன்படுத்தறதுக்குன்னு இருக்கேன்னு. ஆன்ட்டி விடல, நாலாவது விதியையும் படி, வாசகர் நேரத்த மிச்சப்படுத்தணும், அந்த ஒம்பது பேரும் வாசகர்தான்னாங்க. கை தட்டல் அங்கதான் ஜாஸ்தி.

ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமேன்னு ஒருத்தர் சொல்ல, டெல்லி யுனிவர்சிட்டி ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை கேஸ் வந்துச்சு. 2012ல பெரிய பப்ளிஷர்ஸ் போட்டது, 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணுச்சு, அப்பீல்ல மறுபடி ஒரு சுத்து, 2017ல அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா அது பாடத்துக்காகப் புத்தகப் பக்கங்கள காப்பி எடுத்துத் தொகுத்த விஷயம், நம்ம கேள்விக்கு நேரடி பதில் இல்ல.

இப்போ ஒரே நாடு ஒரே சந்தா வேற வந்தாச்சு, மத்திய அரசே மொத்தமா சந்தா கட்டி ஜர்னல்ஸ ஆன்லைன்ல படிக்க வைக்கற திட்டம். 2024 நவம்பர்ல கேபினட் ஓகே பண்ணது, மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பப்ளிஷர், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், 6,300க்கு மேல அரசு நிறுவனங்கள். என் கருத்து இங்கதான் வருது. ஆன்லைன்ல கெடைக்கற ஜர்னலோட பிரின்ட் காப்பிய அலமாரில பூட்டி வச்சு என்ன காப்பாத்தறோம், தாராளமா ரெண்டு மூணு நாளைக்குக் குடுங்க. சந்தா நாளைக்கு நின்னுபோனா பிரின்ட்தான் மிஞ்சும்னு ஆன்ட்டி சொன்னதும் நியாயம், அதனால தூக்கிப் போடாதீங்க, குடுங்க, திருப்பி வாங்குங்க. எங்கயும் ஸ்கேன் ஆகாத பழைய தமிழ், இந்தி ஆராய்ச்சி இதழ் வாசல் தாண்டவே கூடாது, கேக்கறவங்களுக்கு லைப்ரரியே ஒழுங்கா ஸ்கேன் பண்ணிக் குடுக்கணும். பல இடத்துல நடக்கறது தலைகீழ், ஆன்லைன்ல இருக்கறதுக்கும் அதே கட்டுப்பாடு, ஸ்கேன் கேட்டா மெஷின் ரிப்பேர்.

ஓட்டெடுப்பு வேணாம்னு தலைவர் சொல்லிட்டார், நல்லதாப் போச்சு, எப்படியும் பசங்க கூட்டம்தான் பெருசு.

ஆனா அந்த சூட்டுல நம்ம ரீடிங் ரூமுக்கு ஒரு தீர்மானம் போட்டோம். ரேக்ல சாய்ச்சு வச்சிருக்கற புது வாரப் பத்திரிகை அடுத்த இதழ் வர்ற வரைக்கும் வெளிய போகாது. அது சாஞ்சிருக்கற பலகையத் தூக்கினா கீழ இருக்கற பழசெல்லாம் ஒரு வாரத்துக்கு எடுத்துட்டுப் போகலாம், ரெஜிஸ்டர்ல பேர் எழுதிட்டு. பழைய கணையாழி கட்டு மட்டும் ரூம்லயே படிக்கறது (1965ல நம்ம டெல்லில ஆரம்பிச்ச இதழ், இத யாரு குடுப்பா), போட்டோ எடுத்துக்கோங்க, எச்சத் தொட்டுப் புரட்டாதீங்க. அத பைண்ட் பண்ண நயி சடக் பக்கம் யாருக்காவது நல்ல ஆள் தெரிஞ்சா சொல்லுங்க, மடிப்புல எழுத்த முழுங்காதவரா இருக்கணும்.

கணக்கு வழக்க பொருளாளர் அடுத்து வாசிப்பார், அதுக்கப்புறம் காபி இருக்கு.