ஆறுதலாகப் போ, மகள்

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தை நேற்று இரவு வேலையால் வந்து சாப்பிட்டுவிட்டு அம்மாவும் நானும் இருந்து இரண்டு தரம் பார்த்தோம். ஸ்பெயினில் பார்சிலோனாவில் காரை எடுத்து ஒன்பது நாளில் இத்தாலியில் அமால்ஃபி வரைக்கும். ஐந்து பேர், ஒரு கார், ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை வெளிக்கிடுகிறீர்கள். போனில் கதைத்தால் நீ "சரி அப்பா, சரி அப்பா" என்பாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன், நேரம் எடுத்து வாசி, உன் சிநேகிதிகளுக்கும் வாசித்துக் காட்டு.

போகவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் போ. ஆனால் இந்தத் திட்டத்தைப் பாதியாக வெட்டு.

பார்சிலோனாவிலிருந்து அமால்ஃபி வரைக்கும் ஓட்டோரூட்டால், அதாவது பெரிய விரைவு வீதியால், போனாலே 1,600 கிலோமீட்டருக்கு மேல் வரும். கரையோர வீதியால் போகவேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை? கரையோர வீதியில் மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடினாலே பெரிய காரியம். வளைவு, ஊர், வளைவு, சந்தை, முன்னால் ஒரு குப்பை லொறி, பிறகும் வளைவு. ஒன்பது நாளும் நீங்கள் காருக்குள்தான் இருப்பீர்கள். கடைசியில் நேரம் போதாமல் ஓட்டோரூட்டில் ஏறுவீர்கள், அங்கே கடல் இரண்டு சுரங்கத்துக்கு நடுவில் கண் சிமிட்டுகிற நேரம்தான் தெரியும். எனக்கு அது நன்றாகத் தெரியும் மகள். 2003 இலிருந்து 2019 வரை 16 வருடம் நான் அந்தக் கடலை அப்படித்தான் பார்த்தேன்.

உனக்கு வியாழன் இரவுகள் ஞாபகம் இருக்கும். பாரிஸில் நம் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் என் சாமான் வான் வண்டியில் ஏற்றி முடிய இரவு எட்டு மணியாகும். நீ நித்திரைக்குப் போகுமுன் நான் வெளிக்கிட்டுவிடுவேன். விடிய மார்செய், மத்தியானம் நீஸ், பின்னேரம் ஜெனோவாவில் கடைசிக் கடை. கறிவேப்பிலை வாடினால் கடைக்காரர் எடுக்கமாட்டார், அதனால் எங்கேயும் நிறுத்தமுடியாது. மயிலிட்டியில் கடலுக்குள் விளையாடி வளர்ந்தவன் நான். 1990 இல் ஊரை விட்டு வந்த பிறகு இவ்வளவு கடலை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அந்த 16 வருடத்தில் ஒருநாளும் வானை ஓரம் கட்டிவிட்டு இறங்கிக் கால் நனைத்ததில்லை. திரும்பி வரும்போது வான் வெறுமையாக இருக்கும், அப்போதாவது நின்றிருக்கலாம். நித்திரை, வீடு, நீ, அடுத்த நாள் வேலை என்று வந்துவிட்டேன். உன் திட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த வேகம்தான் தெரிந்தது, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

என் யோசனை இதுதான். மார்செயில் காரை எடுத்து இத்தாலியில் லா ஸ்பெட்சியா வரை போங்கள், அவ்வளவுதான். மொத்தம் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். ஒன்பது நாளில் ஏழெட்டு நாளை இதற்கு வைத்துவிட்டு, கடைசி நாள் ஓட்டோரூட்டால் ஒரே ஓட்டமாக மார்செய்க்குத் திரும்பிக் காரைக் கொடுங்கள். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் அதற்கென்று தனியாகப் பெரிய தொகை வாங்குவார்கள், அந்தக் காசில் ஐந்து பேரும் இரண்டு நாள் நன்றாகச் சாப்பிடலாம். இன்னொன்றும் இருக்கிறது, இதை எந்த வழிகாட்டியிலும் நான் பார்க்கவில்லை. இங்கே வலப்பக்கம் ஓடுகிறோம் அல்லவா, மார்செயிலிருந்து இத்தாலிப் பக்கம் போகும்போது கடல் உன் பக்கத்தில்தான் இருக்கும். நினைத்த இடத்தில் ஓரம் கட்டலாம். எதிர்ப்பக்கமாக வந்தால் ஒவ்வொரு தரமும் எதிரே வருகிற வாகனங்களைக் குறுக்கே வெட்டித்தான் கடல் பக்கம் போகவேண்டும், வளைவில் அது சரியான ஆபத்து.

ஓகஸ்ட்டையும் விடு. ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை என்றால் யூலையில் லீவு போனவர்கள் திரும்பி வருகிற நாள், ஓகஸ்ட்டில் போகிறவர்கள் வெளிக்கிடுகிற நாள். பிரான்ஸில் வீதி நெரிசலை முன்கூட்டிச் சொல்கிற பிசோன் ஃபுத்தே பட்டியலில் கறுப்பு என்று போடுவது இப்படியான நாளுக்குத்தான். இத்தாலியில் ஓகஸ்ட் 15 பெரிய திருநாள், அந்தக் கிழமை முழுக்க அறையும் கிடையாது, கார் நிறுத்த இடமும் கிடையாது. செப்டெம்பர் இரண்டாம் கிழமை லீவு கேட்டுப் பார். கோடை முழுக்கச் சூடேறின கடல், தண்ணீர் இதமாக இருக்கும், சனமும் குறைந்துவிடும். ஆனால் ஒக்ரோபருக்குத் தள்ளாதே. 2011 ஒக்ரோபர் 25 ஆம் தேதி பெய்த மழையில் இத்தாலிக் கரையில் வெர்னாட்ஸா ஊருக்குள் மலையே சேறாக இறங்கியது. 2020 ஒக்ரோபரில் நீஸுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தாக்குகளில் வீதிகளையும் பாலங்களையும் வெள்ளம் கொண்டுபோனது. செப்டெம்பரிலும் மழை எச்சரிக்கை செம்மஞ்சள், சிவப்பு என்று வந்தால் அன்றைக்குக் காரை எடுக்காமல் அறையில் இருங்கள். ஒரு நாள் போனால் போகட்டும்.

சரி, வழி. மார்செயை விட்டு வெளிக்கிட்டதும் கஸி என்றொரு சின்னத் துறைமுகம் வரும். அங்கிருந்து லா சியோத்தாவுக்கு மலை மேலால் ஒரு வீதி போகிறது, உச்சி கிட்டத்தட்ட 400 மீட்டர், கீழே நேராகக் கடல். காற்று பலமாக அடித்தாலும் காட்டுத்தீ அபாயம் இருந்தாலும் அதை மூடிவிடுவார்கள், காலையில் பார்த்துவிட்டுப் போ. மிஸ்ட்ரால் காற்று வானைத் தள்ளின தள்ளு எனக்கு இன்னும் கையில் இருக்கிறது, மேலே கார்க் கதவைத் திறக்கும்போது கையால் பிடித்துக்கொண்டு திற.

பிறகு சென் ரஃபாயேலில் இருந்து தெயூல் பக்கம் போகிற எஸ்தெரேல் கரை. முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கு. 1903 இல் திறந்த வீதி அது. ஒரே ஒரு தரம் ஓட்டோரூட்டில் விபத்து என்று என்னை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். காலை ஏழு மணி இருக்கும். எரிமலைப் பாறை முழுக்கச் செக்கச்செவேல் என்று, நம் செம்பாட்டு மண்ணை நனைத்துப் பிடித்துவைத்த மாதிரி. அதற்குக் கீழே தண்ணீர் ஒரு இடத்தில் பச்சை, பக்கத்திலேயே நீலம். அகே என்ற ஊர்க் குடாவில் ஒரு வயதானவர் சின்னப் படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார், படகின் அடியில் கல் உரசுகிற சத்தம் ஜன்னலால் கேட்டது. எனக்குப் பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். போய்விட்டேன். நீங்கள் அங்கே நில்லுங்கள், அந்தக் குடாவில் குளியுங்கள்.

நீஸில் சொக்கா சாப்பிடாமல் வராதே. அது வேறொன்றும் இல்லை, நம் கடலை மாதான். தண்ணீர், உப்பு, ஒலிவ் எண்ணெய் விட்டுக் கரைத்துப் பெரிய வட்டத் தட்டில் மெல்லியதாக ஊற்றி விறகு அடுப்பில் வைப்பார்கள், ஓரம் கருகி நடு மெத்தென்று வரும், மேலே மிளகுதூள். எல்லையைத் தாண்டினால் இதையே ஃபரினாட்டா என்பார்கள். கடைகளுக்குச் சாமான் இறக்கிவிட்டு ஒரு துண்டைத் தாளில் சுற்றி வானிலேயே வைத்துத் தின்றுகொண்டு ஓடுவேன், அதுதான் என் மத்தியானச் சாப்பாடு.

நீஸுக்கும் மொந்தோனுக்கும் நடுவில் மூன்று வீதிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போகின்றன. கீழே உள்ளது கடலோடு ஒட்டி, நடுவில் உள்ளது ஏஸ் என்ற குன்று ஊரைத் தொட்டு, மேலே உள்ளது நெப்போலியன் காலத்தில் போட்டது, லா துர்பி வழியாக. ஆளுக்கு ஒரு வீதி என்று சண்டை பிடிக்காமல் மேல் வீதியால் போங்கள், லா துர்பியில் நின்று பார்த்தால் மொனாக்கோ காலுக்குக் கீழே கிடக்கும்.

இத்தாலிக்குள் போனதும் அவுரேலியா வீதி. ரோமர் காலத்துப் பெயர், உரோமில் தொடங்கிப் பிரெஞ்சு எல்லை வரைக்கும் வருகிறது. ஓட்டோரூட்டை விட்டு இதில் போனால் ஒவ்வொரு ஊரின் நடு முற்றத்துக்குள்ளாலும் போவீர்கள். ஸ்கூட்டர்காரர்கள் இரண்டு பக்கத்தாலும் வருவார்கள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இரு. ஜெனோவாவுக்குக் கிட்ட மட்டும் ஓட்டோரூட்டில் ஏறுங்கள். அங்கே ஒரு புதுப் பாலம் வரும், 2020 ஓகஸ்ட்டில் திறந்தது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த பாலம் 2018 ஓகஸ்ட் 14 காலையில், மழைக்குள், ஓடிக்கொண்டிருந்த வாகனங்களோடு இடிந்து விழுந்தது. 43 பேர். நான் முந்தின வெள்ளிதான் அதன் மேல் போய் வந்தேன். அம்மா இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார். நீங்கள் அதைக் கடக்கும்போது பாட்டைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

சிங்குவே டெர்ரே ஐந்து ஊருக்கும் காரைக் கொண்டுபோக நினைக்காதே. லெவாந்தோவிலோ லா ஸ்பெட்சியாவிலோ நிறுத்திவிட்டு ரயிலில் போங்கள், ஐந்து ஊரிலும் நிற்கும். ரியோமஜ்ஜோரேயிலிருந்து மனரோலாவுக்குக் கடலோரமாக ஒரு நடைபாதை, 2012 இல் கல் விழுந்து மூடி 2024 இல்தான் திரும்பத் திறந்தார்கள், அதற்கு முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். மொந்தெரொஸ்ஸோவில் நெத்தலி வாங்கு. உப்பில் அடுக்கி ஊறவைத்து, கழுவி, எண்ணெய் விட்டுத் தருவார்கள். நெத்தலியை இவ்வளவு மரியாதையாகத் தட்டில் வைக்கிற இன்னொரு ஊரை எனக்குத் தெரியாது. ஜெனோவாக் கடைக்காரர் ஒரு போத்தல் தந்தார், வீட்டுக்குக் கொண்டுவந்தேன், நீ மணத்துக்கு ஓடிவிட்டாய்.

இனிக் கார் விசயம். ஐந்து பேரும் ஐந்து பெட்டியும் ஒரு காருக்குள் அடங்காது, எனக்கு ஏற்றி இறக்கின கை. பெட்டி வேண்டாம், மடிக்கிற பை கொண்டு வாருங்கள். பெரிய கார் எடுத்தால் அந்த ஊர்ச் சந்துகளில் திருப்பமுடியாது. இரண்டு பேரையாவது ஓட்டுநராகப் பதிந்துகொள், 25 வயதுக்குக் குறைந்தவர் என்றால் கூடக் காசு கேட்பார்கள், கொடு. பதியாத ஒருவர் ஓடி ஏதும் நடந்தால் காப்புறுதி கை விரித்துவிடும். இத்தாலிக்குக் கொண்டுபோவதை எழுத்தில் வாங்கு.

இத்தாலியில் ஊர் நடுப்பகுதிகளில் சிவப்பு வட்டம் போட்டு 'ஸோனா டிராஃபிகோ லிமிடாட்டோ' என்று பலகை இருக்கும், அனுமதி உள்ள வாகனம் மட்டும் போகலாம் என்று அர்த்தம். உள்ளே போனால் கமரா படம் எடுக்கும், தண்டம் மாதக்கணக்கில் கழித்து வரும், வாடகைக்குக் கொடுத்தவர்களும் தங்கள் பங்குக்கு அட்டையில் எடுப்பார்கள். போன் வழிகாட்டி உள்ளே போ என்றாலும் போகாதே. நிறுத்தும்போது நிலத்துக் கோட்டைப் பார்: வெள்ளை இலவசம், நீலம் காசு, மஞ்சள் உங்களுக்கு இல்லை. ஓட்டோரூட்டில் காசு கட்டுகிற பேயாஜில் இத்தாலிப் பக்கம் மஞ்சள் பலகை, நிற்காமலே காசு கழிக்கிற டெலிபாஸ் கருவி உள்ளவர்களுக்கு, அதற்குள் நுழைந்துவிடாதே. பெற்றோலை ஓட்டோரூட்டில் அடிக்காமல் ஊருக்குள் சுப்பர்மார்க்கெட்டில் அடியுங்கள்.

காருக்குள் கண்ணில் படுகிற மாதிரி ஒன்றும் வைக்காதே, ஒரு சட்டை கூட. ஓட்டோரூட் இளைப்பாறும் இடம் ஒன்றில் கால் மணி நேரம் கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் என் வானின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். சாமானைத் தொடவில்லை, ஆசனத்தில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்துப் போய்விட்டார்கள், அதற்குள் என் வதிவிட அட்டை. அதைத் திரும்ப எடுக்க அலைந்த மாதங்களை நீயும் கண்டாய்தானே, எனக்கு மொழிபெயர்க்க வந்து எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தாய். அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் உடம்போடு இருக்கட்டும். வெந்திமில்யா எல்லையில் பிரான்ஸ் 2015 இலிருந்து சோதனை வைத்திருக்கிறது, திரும்பி வரும்போது நிறுத்துவார்கள். போனில் எடுத்த படம் செல்லாது, அசல் வேண்டும். வதிவிட அட்டையில் இருக்கிற உன் சிநேகிதிக்கு இதை நீயே ஞாபகப்படுத்து, அந்தப் பிள்ளையின் அட்டை எப்போது முடிகிறது என்றும் கேள்.

காசு விசயத்தை ஒரு பொதுப் பணப்பையில் போட்டு ஒருவர் செலவழியுங்கள், சிநேகிதம் கெடாது. ஓடுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர் நித்திரை கொள்ளக்கூடாது. அது மட்டும் சட்டமாக இருக்கட்டும்.

அம்மா ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாயும், வளைவில் தலை சுற்றுகிறவர்களுக்கு இஞ்சிப் பாகும் செய்து அனுப்புகிறேன் என்கிறார். காரைப் பதிவதற்கு முன்னால் அந்த வாடகைப் பத்திரத்தையும் காப்புறுதித் தாளையும் எனக்கு அனுப்பு, பிரெஞ்சில் இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு எனக்கு வேலை இல்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்துவிட்டு இரவு எடுக்கிறேன்.

அன்புடன்
அப்பா