வயல் நிரப்புதல்: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் வீதியோர வயலில் மறுபடியும் டிப்பரில் கிரவல் மண் கொட்டுகிறார்கள். வீட்டுக்காணியாகத் துண்டாடி விற்கத்தானாம். நேற்று மாலை போய்ப் பார்த்தேன்: வாய்க்கால் பாதி மூடிக்கிடக்கிறது, கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பக்கத்து வரம்பை அறுத்துக்கொண்டு ஓடுகிறது.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, எழுத்துமூல அனுமதியின்றி நெல்வயலை நிரப்ப முடியாது.

கூட்டம்: ஞாயிறு, 14ஆம் திகதி, காலை 9 மணி, வாசிகசாலை.

1. உங்கள் காணி உறுதி அல்லது காணிப் பேர்மிட்டின் பிரதி கொண்டுவாருங்கள்.
2. படம் எடுத்தால் திகதியும் வாகன இலக்கமும் தெரியட்டும். சாரதியுடன் சண்டை வேண்டாம். அவர் கூலிக்கு ஓட்டுபவர்.
3. கமநல சேவை நிலையத்துக்கான மனுவில் கையொப்பமிட வேண்டும்.
4. வருவோர் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயரை எழுதுங்கள். கைகூப்பும் படம் மட்டும் போட்டால் வருகிறீர்களா இல்லையா என்று எனக்கு விளங்குவதில்லை.