1729-க்கு அப்பால் ராமானுஜனின் ஓர் எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் டிசம்பர் 22 அன்று, தேசியக் கணித நாளையொட்டி ராமானுஜனைப் பற்றி நாளிதழ்களில் வெளியாகும் கட்டுரைகளுள் நான் படித்தவை பலவும் டாக்ஸி எண்ணான 1729-உடன் நின்றுவிடுகின்றன. அவர் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட, மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் பி.ஏ. பட்டம் பெற்றுத் தந்த ஆய்வில் இடம்பெற்ற 6746328388800 என்ற எண்ணும் மக்களிடம் சென்று சேர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நம் வழக்கில் இது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும் விட அதிகக் காரணிகளை உடைய எண்ணே உயர் பகு எண். 6 காரணிகளுடைய 12 அதற்கு எளிய உதாரணம். ராமானுஜன் தொகுத்த உயர் பகு எண்களின் பட்டியலில் கடைசியாக நிற்பது மேற்சொன்ன எண்தான். அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என வரும். ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டி, வந்தவற்றைப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை 10080 என்று கிடைக்கிறது. 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது.

அடுக்குகள் எங்கும் ஏறாமல் இறங்கியே வருவதற்குக் காரணம் உண்டு. 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றினால் காரணிகளின் எண்ணிக்கை 10080 ஆகவே இருக்கும்; எண் மட்டும் இரண்டேகால் மடங்காகிவிடும். உயர் பகு எண்களில் 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பகாக் காரணியின் அடுக்கு 1 தான் என்பதையும் ராமானுஜன் நிறுவினார். என் மனத்துக்கு, இந்தக் கண்டிப்பான ஒழுங்கே 1729-ஐ விட அழகானது.

102 எண்கள் கொண்ட அப்பட்டியலில் ஒன்றே ஒன்று விடுபட்டிருக்கிறது: 5040 காரணிகளை உடைய 293318625600. அதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடுகிறது என்பது வியப்பளிக்கிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில் இத்தனை பெரிய எண்களை வரிசைப்படுத்தியவரிடம் ஒன்று விடுபட்டது குறையாகாது. அந்த உழைப்பின் அளவையே அது காட்டுகிறது.

வரும் டிசம்பரில் தங்கள் மாணவர் பகுதியில் இவ்விரு எண்களையும் அவற்றின் பகாக் காரணிகளோடு அச்சிட வேண்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் தாளில் பெருக்கியே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.